மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மலைகளின் பழைய டோப்போ வரைபடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் நிலக்கரி வெட்டிய பகுதிகளின் பழைய டோப்போ வரைபடங்கள், அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் கோடுகளால் காட்டும் வரைபடங்கள், இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்து பார்த்தவுடன் கண்ணில் படுவது பழுப்புக் கோடுகளின் சிக்கல்தான். அதற்குள் நூல் போல ஒரு ஓடை, அதை ஒட்டி ஒரு ரயில் பாதை, மிளகு தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மெக்டவல் கவுன்ட்டியிலிருந்தும் (கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் வருகின்றன.

இந்த வரைபடங்களை வரைந்தது யார்? எப்போது?

யூஎஸ்ஜிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்க நிலவியல் ஆய்வகம். 1879-ல் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். கட்டம் என்பது அட்ச, தீர்க்க ரேகைகளை வைத்துப் பிரித்த நாற்கரம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குள் இருக்கும் ஊர், மலை, ஓடை ஒன்றின் பெயரை வைத்தார்கள். 'போகஹாண்டஸ்', 'டாஸ்வெல்', 'வெல்ச்', 'கேரி' எல்லாம் அப்படி வந்த தாள்களின் பெயர்கள்.

நேரமும் முக்கியம். வர்ஜீனியாவின் போகஹாண்டஸ் ஊரிலிருந்து நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயிலில் முதல் நிலக்கரி கடற்கரைக்குப் போனது 1883-ல். மெக்டவல் கவுன்ட்டிக்குள் அதே ரயில் பாதை நுழைந்தது 1880களின் கடைசியில். ஆக, முதல் தாள்கள் வரையப்பட்ட காலமும் சுரங்கங்கள் முளைத்த காலமும் ஏறக்குறைய ஒன்று. அடுத்தடுத்த பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு தொழில் வந்து, பெருத்து, ஓய்ந்த கதை முழுக்கக் கிடைத்துவிடும். இப்படி அமைவது அபூர்வம்.

ஒரே இடத்துக்கு நாலைந்து தாள்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

அளவையைப் பாருங்கள். மூன்று வகை உண்டு. பெயரில் வரும் நிமிடம் நேரமல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு; தாள் எத்தனை நிமிட ரேகையைப் பிடிக்கிறது என்பதே அதன் பெயர்.

மிகப் பழையது 30 நிமிடத் தாள், 1:125000. தாளில் ஒரு செ.மீ என்பது நிலத்தில் ஒன்றேகால் கி.மீ. இந்தப் பகுதியில் ஒரு தாள் சுமார் 950 சதுர மைல் நிலத்தைப் பிடிக்கும். அடுத்தது 15 நிமிடத் தாள், 1:62500. கடைசியாக வந்த ஏழரை நிமிடத் தாள் 1:24000, ஒரு செ.மீ-க்கு 240 மீட்டர். பழைய 30 நிமிடத் தாள் ஒன்றின் இடத்தில் இப்போது 16 தாள்கள்.

வீடு, பள்ளிக்கூடம், சுரங்க வாய் என்று தேடுபவர்களுக்கு ஏழரை நிமிடத் தாள்தான் சரி. ஆனால் ரயில் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக உள்ளே நுழைந்தது, ஏன் அந்தப் பக்கம் போனது என்பது பெரிய தாளில்தான் புரியும். நான் எப்போதும் முதலில் 30 நிமிடத் தாளைத்தான் பார்க்கச் சொல்வேன். அதில் விவரம் குறைவு என்பதே ஒரு வசதி.

ஒரு சின்ன எரிச்சல்: ரேகைகளுக்கு ஊர் எல்லை தெரியாது. எல்க்ஹார்ன் ஓடைப் பள்ளத்தாக்கில் இருக்கும் கீஸ்டோன் பழைய போகஹாண்டஸ் தாளில் வரும். அதே ஓடையில் சில மைல் கீழே இருக்கும் வெல்ச், பக்கத்து டாஸ்வெல் தாளில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இறக்கி ஒட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பக்கத்துத் தாள்களின் பெயர்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும்.

நிலக்கரி இருக்கும் இடம் வரைபடத்தில் தெரியுமா?

நேரடியாகத் தெரியாது. இது நிலத்தின் மேல்பரப்பைக் காட்டும் வரைபடம். நிலக்கரிப் படுகைக்கென்று இதில் நிறமும் இல்லை, கோடும் இல்லை. ஆனாலும் கண்டுபிடிக்கலாம். இந்த வரைபடங்களின் உண்மையான சுவாரசியம் இங்கேதான் இருக்கிறது.

சமஉயரக் கோடு என்பது கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் கோடு. பழைய 30 நிமிடத் தாள்களில் 100 அடிக்கு ஒரு கோடு, அதாவது சுமார் 30 மீட்டர். ஏழரை நிமிடத் தாள்களில் இந்த மலைப்பகுதியில் பெரும்பாலும் 40 அடிக்கு ஒன்று. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சமதளம். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

இப்போது நிலவியலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதி ஒரு பீடபூமி. அதன் பாறை அடுக்குகள் மடியாமல், லேசான சாய்வோடு ஏறத்தாழ படுக்கையாகக் கிடக்கின்றன. ஆறுகளும் ஓடைகளும் அந்தப் பீடபூமியை அறுத்து இடுக்கு இடுக்கான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. உள்ளூரில் இவற்றை ஹாலோ என்பார்கள். அடுக்கு கேக்கைக் கத்தியால் வெட்டினால் நடுவில் இருக்கும் கிரீம் வெட்டுமுகம் முழுக்க ஒரே உயரத்தில் தெரியும் இல்லையா, அதே மாதிரி நிலக்கரிப் படுகையும் மலைச்சரிவைச் சுற்றி ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெளியே தலைகாட்டும்.

அதனால் இங்கே பெரும்பாலான இடங்களில் ஆழமாகக் குழி தோண்ட வேண்டியிருக்கவில்லை. சரிவில் படுகை தெரியும் இடத்தில் பக்கவாட்டில் நேராகக் குடைந்து உள்ளே போனார்கள். இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். படுகை லேசாக மேல்நோக்கி ஏறும் திசையில் குடைந்தால் தண்ணீர் தானாக வெளியே வடியும். நிரம்பிய வண்டிகளும் வாசலை நோக்கிச் சுலபமாக உருண்டு வரும்.

இனி வரைபடத்துக்கு வாருங்கள். ஒரு ஹாலோவில் சுரங்கக் குறி ஒன்றைக் கண்டால் அது எந்த உயரக் கோட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பென்சிலால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மலையைச் சுற்றிப் பக்கத்து ஹாலோவுக்குள் போனால், அடுத்த சுரங்கக் குறியும் அந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும். இரண்டும் ஒரே படுகையை வெட்டியவையாக இருக்கலாம். மூன்று நான்கு குறிகள் சேர்ந்தால் படுகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் பிடிபடும். மெக்டவல் பகுதியில் பொதுவாக வடமேற்கே போகப்போகப் படுகைகள் கீழே இறங்கும். அதனால்தான் போகஹாண்டஸ் ஊரில் சரிவிலேயே வெட்டிய பிரபலமான 'போகஹாண்டஸ் எண் 3' படுகையை அடைய, வடமேற்கே சில இடங்களில் செங்குத்துக் குழி தோண்ட வேண்டியிருந்தது.

படுகை ஆற்றுக்கு மேலே வெகு உயரத்திலும் இருக்கலாம். வடகிழக்கே நியூ ரிவர் பள்ளத்தாக்கில் சுவெல் என்ற படுகை சரிவின் மேல்பகுதியில் இருக்கிறது, ரயிலோ அடியில் ஆற்றோரம் ஓடுகிறது. நட்டல்பர்க் சுரங்கத்தை 1920-ல் ஹென்றி ஃபோர்டு குத்தகைக்கு எடுத்த பிறகு, மேலிருந்து நிலக்கரியைக் கீழே இறக்க 1385 அடி நீளத்துக்கு ஒரு கன்வேயர் போட்டார்கள். பக்கத்தில் கேமூர் என்ற சுரங்கத்தில் சுரங்க மட்டத்திலிருந்து அடிவாரத்துக்கு இறங்க இன்றும் 821 படிகள் உண்டு. அந்தச் சரிவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் படிக்கட்டு ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்கத் தோன்றாது.

சுரங்கத்துக்கு என்ன குறிகள்?

இரண்டு பிக்காசு குறுக்காகப் போட்ட குறி: சுரங்கம் அல்லது கல்குவாரி. ஆங்கில ஒய் எழுத்து போல ஒரு குறி: பக்கவாட்டுச் சுரங்க வாய். பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு சதுரம்: செங்குத்துக் குழி. பெருக்கல் குறி மாதிரி இருந்தால் சோதனைக்குத் தோண்டிப் பார்த்த இடம். பழுப்புப் புள்ளிகளால் நிரப்பிய திட்டு கழிவுக் குவியலாக இருக்கும். மிகப் பழைய தாள்களில் இவை சரியாகப் பின்பற்றப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் குறியே இருக்காது.

குறி இல்லாவிட்டால் சுரங்கம் இருந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரயிலைப் பின்தொடருங்கள். குறுக்குக் கோடுகள் போட்ட கறுப்புக் கோடுதான் ரயில் பாதை. பெரிய பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து ஒரு ஹாலோவுக்குள் ஏறி, ஊர் எதுவும் இல்லாத இடத்தில் திடீரென்று முடிகிற கிளைப் பாதை ஒன்று இருந்தால், அந்த முனையில் டிப்பிள் இருந்திருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். டிப்பிள் என்பது நிலக்கரியைச் சலித்துத் தரம் பிரித்து ரயில் பெட்டியில் கொட்டும் கட்டடம். காட்டுக்குள் சும்மா ரயில் விட யாருக்கும் பணம் மிச்சமில்லை. மரத்துக்காகப் போட்ட பாதைகளும் உண்டு என்பதால் 'பெரும்பாலும்' என்றேன்.

கம்பெனி ஊர் என்பதை வரைபடத்தில் அடையாளம் காண முடியுமா?

முடியும், அதுவும் சுலபமாக. தானாக வளர்ந்த ஊரில் வீடுகள் தாறுமாறாக இருக்கும். சுரங்கக் கம்பெனி கட்டிய குடியிருப்பில் ஒரே அளவு இடைவெளியில், ஒரு வரிசையாகவோ இரண்டு வரிசையாகவோ, ஓடையை ஒட்டிக் கறுப்புச் சதுரங்கள் நிற்கும். கொடி வைத்த சதுரம் பள்ளிக்கூடம், சிலுவை வைத்தது தேவாலயம். நிரப்பாத அல்லது கோடு போட்ட சதுரம் குடியிருப்பு அல்லாத கிடங்கு, தொழுவம் மாதிரியான கட்டடம். கல்லறைகள் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். பள்ளத்தாக்கின் அடித்தரையை ஓடையும் ரயிலும் பாதையும் வீடுகளும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

கேரி நல்ல உதாரணம். யூஎஸ் ஸ்டீல் கம்பெனியின் சுரங்க ஊர். அதன் தலைவர் நீதிபதி எல்பர்ட் எச். கேரியின் பெயர்தான் ஊருக்கு. அது போதாதென்று பக்கத்திலேயே எல்பர்ட் என்று இன்னொரு ஊர். அந்தக் கவுன்ட்டியில் சுரங்கங்களுக்கு எண்களும் ஊர்களுக்கு முதலாளிகளின் பெயர்களும் விழுந்திருப்பதைக் கவனித்தால் யார் கையில் எல்லாம் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய ஊர்களில் வீடுகளுக்குப் பதில் வெளிர்சிவப்பு நிறம் பூசியிருந்தால், தனி வீடுகளை வரையாமல் விட்டுவிட்டார்கள் என்று பொருள். அங்கே சதுரங்களை எண்ணி மக்கள்தொகையை ஊகிக்க முயலாதீர்கள்.

தாளில் பச்சை, ஊதா நிறங்கள் எதற்கு?

ஆரம்பத்தில் மூன்றே நிறம்: நில அமைப்புக்குப் பழுப்பு, தண்ணீருக்கு நீலம், மனிதர் கட்டியதற்குக் கறுப்பு. காட்டுக்குப் பச்சை பிற்பாடு வந்தது. பழைய தாளில் பச்சை இல்லை என்பதற்காக அங்கே மரமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஊதா வேறு விஷயம். முழுத் தாளையும் புதிதாக அளக்காமல், புதிய விமானப் படங்களை வைத்து மாறியதை மட்டும் மேலே அச்சடித்தது. மெக்டவல் பக்கத்துத் தாள் ஒன்றில் மலையைச் சுற்றி ஊதாத் திட்டு வளைந்து போனால் கவனியுங்கள், அடிப்படைத் தாளுக்கும் திருத்தத்துக்கும் நடுவில் அங்கே திறந்தவெளிச் சுரங்கம் வந்திருக்க வாய்ப்புண்டு.

ஒரே தாளில் பல ஆண்டுகள் அச்சாகியிருக்கின்றன. எந்த ஆண்டை நம்புவது?

இந்த ஒரு கேள்வியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு எல்லாம் வேறு வேறு. 1890களின் பதிப்பு ஒன்று 1920களில் எந்த மாற்றமும் இல்லாமல் மறுபடி அச்சாகி வந்திருக்கலாம். மூலையில் இருக்கும் அச்சு ஆண்டை மட்டும் பார்த்து, '1920களில்கூட இங்கே ரயில் வரவில்லை' என்று குடும்ப வரலாறு எழுதியவர்கள் உண்டு. பிற்காலத் தாள்களில் விமானப் படம் எடுத்த ஆண்டு, நேரில் போய்ச் சரிபார்த்த ஆண்டு, திருத்திய ஆண்டு என்று இன்னும் நீளும்.

விதி இதுதான்: கறுப்பில் இருப்பவற்றுக்குப் படம் எடுத்த அல்லது அளந்த ஆண்டு, ஊதாவில் இருப்பவற்றுக்குத் திருத்திய ஆண்டு. அச்சு ஆண்டை மறந்துவிடுங்கள்.

அந்தக் காலத்து அளவை எவ்வளவு துல்லியம்?

மூன்று காலில் நிற்கும் பலகை, அதன் மேல் காகிதம், குறிபார்க்க அலிடேட் என்ற கருவி. இவற்றைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி, தெரிந்த சில புள்ளிகளின் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு, இடைப்பட்ட கோடுகளைக் கண்ணால் பார்த்து அங்கேயே வரைந்தார்கள். 950 சதுர மைலை அப்படி வரையும்போது ஒவ்வொரு ஹாலோவுக்குள்ளும் ஏறி இறங்கியிருக்க முடியாது. முகடுகளும் பெரிய ஓடைகளும் பரவாயில்லாமல் வந்திருக்கும். சின்ன ஹாலோக்களின் வளைவுகள் பல இடங்களில் வரைந்தவரின் ஊகம்.

20-ம் நூற்றாண்டின் நடுவில் விமானப் படங்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. அப்போதைய தேசியத் தர அளவுகோலின்படி 1:24000 தாளில், சோதித்த தெளிவான புள்ளிகளில் பத்துக்கு ஒன்பது, உண்மையான இடத்திலிருந்து 40 அடிக்குள் இருக்க வேண்டும். நல்ல துல்லியம்தான். ஆனால் ஒரு சிக்கல்: இடுக்கான பள்ளத்தாக்கில் ஓடை, ரயில், பாதை, வீடு நான்கும் நூறு இருநூறு அடிக்குள் நெருங்கிக் கிடக்கும். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வரைந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் வரைந்தவர்கள் சிலவற்றை லேசாகத் தள்ளி வைப்பார்கள். வீடு பாதைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை நம்பலாம். பாதையிலிருந்து எத்தனை அடி என்று அளக்காதீர்கள்.

நிலத்தடியில் சுரங்கம் எங்கெங்கே ஓடுகிறது என்று இதில் தெரியுமா?

தெரியாது. வாயை மட்டும்தான் காட்டும். உள்ளே எத்தனை மைல் வெட்டினார்கள் என்பதற்குச் சுரங்க வரைபடம் என்ற தனி வகை உண்டு. அவற்றைக் கம்பெனிகளின் பொறியாளர்கள் வரைந்தார்கள். அவற்றின் பிரதிகளைத் திரட்டி வைக்கும் தேசியச் சுரங்க வரைபடக் களஞ்சியம் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது; மேற்கு வர்ஜீனியா நிலவியல் துறையிடமும் பெரிய தொகுப்பு உண்டு.

சுரங்க வரைபடம் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் கூக்ரீக் சுரங்கத்தில் நடந்ததைச் சொல்லலாம். வெட்டிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்தில் எப்போதோ கைவிடப்பட்டுத் தண்ணீர் நிறைந்திருந்த பழைய சுரங்கத்துக்குள் ஓட்டை போட்டுவிட்டார்கள். கம்பெனியிடம் இருந்த வரைபடத்தின்படி அந்தப் பழைய சுரங்கம் இன்னும் தள்ளி இருந்திருக்க வேண்டும். அதன் கடைசிக் கட்ட வெட்டு அதில் ஏறவே இல்லை. ஒன்பது பேர் சுமார் 240 அடி ஆழத்தில் சிக்கினார்கள். மேலிருந்து துளையிட்டு, 77 மணி நேரத்துக்குப் பிறகு ஒன்பது பேரையும் உயிரோடு தூக்கினார்கள்.

அப்பலாச்சியாவில் வீடு வாங்கப் போகிறவர் டோப்போ தாளைப் பார்த்து 'அடியில் சுரங்கம் இல்லை' என்று முடிவு செய்யக் கூடாது. அதற்குச் சுரங்க வரைபடத்தைத்தான் தேட வேண்டும்.

எனக்குத் தேவையான ஊரின் பெயரே தாளில் இல்லையே?

மூன்று காரணங்கள் இருக்கலாம். கம்பெனி கைமாறும்போது ஊரின் பெயரும் மாறியிருக்கலாம். தபால் நிலையத்துக்கு ஒரு பெயர், ரயில் நிலையத்துக்கு ஒரு பெயர், ஜனங்கள் வாயில் 'எண் 9' என்று ஒரு பெயர் இருந்திருக்கலாம். அல்லது இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் ஊர் தோன்றி மறைந்திருக்கலாம். தாள்களுக்கு இடையில் இருபது முப்பது ஆண்டு இடைவெளி சாதாரணம்.

யூஎஸ்ஜிஎஸ் பராமரிக்கும் புவியியல் பெயர்கள் தரவுத்தளத்தில் பல ஊர்களின் மாற்றுப் பெயர்கள் கிடைக்கும். அதில் கிடைக்காவிட்டால் ஊரை விட்டுவிட்டு ஓடையைத் தேடுங்கள். ஊர்ப் பெயர் கம்பெனியோடு போய்விடும்; ஓடைப் பெயர்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. பழைய ஆவணங்களில் ஓடைப் பெயரை எழுதிவைத்திருப்பதும் உண்டு.

பஃபலோ க்ரீக் வெள்ளத்தை வரைபடத்தை வைத்துப் புரிந்துகொள்ள முடியுமா?

இந்த வகை வரைபடத்துக்கு இதைவிடக் கடினமான பயிற்சி இல்லை. லோகன் கவுன்ட்டியில் பஃபலோ க்ரீக் என்ற ஓடை. அதன் தலைப்பில் மிடில் ஃபோர்க் என்ற கிளையில், சுரங்கக் கழிவைக் கொட்டியே ஒரு நிலக்கரிக் கம்பெனி அணைகள் உண்டாக்கியிருந்தது. 1972 பிப்ரவரி 26 காலையில் அணை உடைந்தது. சுமார் 13 கோடி கேலன் கரும்நீர் கீழே பாய்ந்தது. 125 பேர் இறந்தார்கள், 4000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள்.

வெள்ளத்துக்கு முந்தைய தாள்களில் அந்த ஓடையைத் தலைப்பிலிருந்து கீழே மேன் என்ற ஊர் வரை பின்தொடர்ந்து பாருங்கள். மேன் அருகே ஓடை கயான்டாட் ஆற்றில் கலக்கிறது. சாண்டர்ஸ், லொராடோ, லண்டேல், ஆம்ஹர்ஸ்ட்டேல் என்று ஒன்றன் பின் ஒன்றாக ஊர்கள். எல்லாம் ஓடைக்கரையில், எல்லாம் ஒரே வரிசையில். இரண்டு பக்கமும் கோடுகள் நெருங்கி நிற்பதால் வீடு கட்ட வேறு இடமே இல்லை. உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடங்களை எண்ணினால் தண்ணீர் எவ்வளவு உயரம் இறங்கி வந்தது என்பதும் கணக்காகிவிடும். அன்றைக்கு அந்தத் தாளைக் கையில் வைத்திருந்த யாருக்கும் தலைப்பில் தேக்கிய தண்ணீர் எந்த வழியில் வரும் என்பது ரகசியமாக இருந்திருக்க முடியாது. பிறகு கம்பெனி அதை 'கடவுளின் செயல்' என்றது.

ப்ளேர் மலைச் சண்டை நடந்த இடம்?

1921 ஆகஸ்ட் கடைசியில், சங்கம் வைக்கும் உரிமைக்காகச் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளிகள் ஆயுதத்தோடு லோகன் கவுன்ட்டியை நோக்கி நடந்தார்கள். கவுன்ட்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் டான் சேஃபினின் ஆட்கள் ப்ளேர் மலை முகட்டில் பதுங்கி அவர்களை மறித்தார்கள். அந்த முகடு ஏன் என்பதற்கு வரைபடத்தில் ஒரு நிமிடம் போதும்: ஒரு பக்கம் தண்ணீர் கோல் ஆற்றுக்குப் போகிறது, மறுபக்கம் கயான்டாட்டுக்கு. நடுவில் முகடு நீளமாகக் கிடக்கிறது, அதைக் கடக்க ஒருசில தாழ்வான கணவாய்கள்தான். அவற்றைப் பிடித்துவிட்டால் போதும்.

பழைய தாளில் மலை இருக்கிறது, செயற்கைக்கோள் படத்தில் இல்லை. எதில் தப்பு?

இரண்டும் சரிதான். மலையைத்தான் எடுத்துவிட்டார்கள்.

முதலில் வந்தது சரிவைச் சுற்றி வெட்டும் முறை. படுகை ஒரே உயரத்தில் இருப்பதால் இயந்திரம் அந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டே மலையைச் சுற்றிவரும். தாளில் இது முகட்டைச் சுற்றிய பழுப்பு நாடாவாகத் தெரியும். டிரிஃப்ட் வாய்களை இணைக்க நீங்கள் பென்சிலால் இழுத்தீர்களே, அதே கோட்டில் இந்த நாடா போவதைப் பார்க்கலாம்.

அப்புறம் வந்தது மலையுச்சியையே வெடிவைத்து எடுக்கும் முறை. எடுத்த பாறையைப் பக்கத்து ஹாலோவில் கொட்டி நிரப்பினார்கள். 1977-ல் வந்த மத்தியச் சட்டம், வெட்டிய நிலத்தைப் பழைய உருவத்துக்கு ஏறக்குறையக் கொண்டுவர வேண்டும் என்றது. மலையுச்சிச் சுரங்கத்துக்கு அதிலேயே விலக்கும் இருந்தது. 1985 முதல் 2001 வரை மட்டும் அப்பலாச்சியாவில் இப்படி 724 மைல் நீள ஓடைகள் மண்ணுக்கடியில் போனதாக அரசின் சுற்றுச்சூழல் ஆய்வே கணக்கிட்டிருக்கிறது. பழைய தாளில் நீலக் கோடாக, பெயரோடு இருக்கும் சில ஓடைகளுக்கு இன்று அந்தத் தாள் ஒன்றுதான் முகவரி.

பழைய தாளின் உயரங்களையும் லேசர் கதிரால் அளந்த இன்றைய லைடார் உயரத் தரவையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால் எங்கே எவ்வளவு வெட்டினார்கள், எங்கே நிரப்பினார்கள் என்று வண்ணத்தில் காட்டலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்தவர்களுக்கு ஒரு மாலை வேலை. பழைய கோடுகளில் பிழை உண்டு என்பதால் பத்து இருபது அடி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இந்த வரைபடங்களில் எது இல்லை?

நிலம் யாருடையது என்பது இல்லை. அப்பலாச்சியாவில் மேல்நிலம் ஒருவருக்கும் அடியில் இருக்கும் கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சகஜம். அந்தப் பத்திரங்கள் கவுன்ட்டி அலுவலகத்தில் இருக்கும். கம்பெனிக் குடியிருப்புகளில் கறுப்பினத்தவருக்கு, குடியேறி வந்த ஐரோப்பியருக்கு, உள்ளூர் வெள்ளையருக்கு எனத் தனித்தனி வரிசைகள் ஒதுக்கிய இடங்கள் பல. சதுரங்கள் எல்லாம் ஒரே கறுப்புதான், அந்தப் பிரிவினை தெரியாது. வீட்டில் ஆள் இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்பதும் தெரியாது. மெக்டவல் கவுன்ட்டியில் 1950-ல் 98,887 பேர், 2020-ல் 19,111 பேர். தாளில் மட்டும் சதுரங்கள் அவ்வளவு வேகமாகக் குறையவில்லை.

எங்கே கிடைக்கும்? காசு உண்டா?

யூஎஸ்ஜிஎஸ்ஸின் டோப்போவியூ தளத்தில் இலவசம். பழைய தாள்களை ஸ்கேன் செய்து, ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் ஏற்றியிருக்கிறார்கள். காப்புரிமை இல்லை, அச்சடிக்கலாம், புத்தகத்தில் போடலாம். சும்மா பார்க்க ஜேபெக் போதும். கூகுள் எர்த்தில் மேலே விரித்துப் பார்க்க கேஎம்இசட். அளந்து வேலை செய்ய ஜியோடிஃப்.

நிலக்கரிக்காகவே பார்ப்பவர்கள் அதோடு நிற்க வேண்டாம். யூஎஸ்ஜிஎஸ் 1894-லிருந்து வெளியிட்ட நிலவியல் தொகுப்புகளில் டோப்போ தாளின் மேலேயே பாறை அடுக்குகளையும் படுகைகளையும் வண்ணமிட்டுக் காட்டியிருக்கிறார்கள். போகஹாண்டஸ் தொகுப்பு 1896-ல் வந்தது, எம். ஆர். கேம்பல் தயாரித்தது. அழகுக்காக மட்டும்கூடப் பார்க்கலாம்.

பழைய தாளை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் இடம் தள்ளிப்போகிறதே?

ரேகைகளைப் பூமியில் எங்கே பொருத்துவது என்ற கணக்குக்கு அடிப்படை அமைப்பு என்று பெயர். 1927-ம் ஆண்டின் அடிப்படை அமைப்பில் வரைந்த தாளை இன்றைய அமைப்போடு நேரடியாக ஒப்பிட்டால் அப்படித்தான் ஆகும். யூடிஎம் என்ற, மீட்டரில் அளக்கும் கட்டக் கோடுகளை வைத்து இடம் படித்தால் சுமார் 200 மீட்டர் வரை விலகும். மென்பொருளில் அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

வரைபடத்தில் இருக்கும் சுரங்க வாயைத் தேடி நேரில் போகலாமா?

வாய்க்குள் போகாதீர்கள், எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். கூரை இடிவது ஒரு ஆபத்து, இன்னொன்று ஆக்ஸிஜன் குறைந்த காற்று. அதற்கு வாசனை கிடையாது, நான்கு எட்டு வைத்ததும் விழுந்துவிடுவார்கள், காப்பாற்றப் போகிறவரும் விழுவார். மேலும் பெரும்பாலான இடங்கள் இன்றும் கம்பெனிகளின் நிலம். அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

ஆசை தீராவிட்டால் முறையாகப் பார்க்க இடங்கள் உண்டு. நட்டல்பர்க், கேமூர் இரண்டும் நியூ ரிவர் கோர்ஜ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன; நட்டல்பர்க்கின் டிப்பிளும் கன்வேயரும் இன்னும் நிற்கின்றன. பெக்லி ஊரில் ஒரு பழைய சுரங்கத்துக்குள் வண்டியிலேயே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கிளம்பும் முன் அந்தந்தத் தாளை ஃபோனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஹாலோக்களுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.